கீரிமலை வீதியும் ஒரு வெடிப்பின் வரலாறும்

வீதிகளின் வரலாறு நம்மிடையே எழுதப்படும் முறை விசித்திரமானது. நாடா வெட்டப்படும் நாளில் அது தொடங்குகிறது; பெரும்பாலும் அன்றே முடிந்தும் விடுகிறது. பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். வீதித் திறப்பு விழாச் செய்திகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிருக்கின்றன. அமைச்சரின் பெயர், செலவான தொகை, வீதியின் நீளம், மாலை அணிவித்தவர்களின் பட்டியல் என அனைத்தும் அவற்றில் இருக்கும். ஆனால் ஒரு வீதியில் முதல் வெடிப்புத் தோன்றியது பற்றிய செய்தி ஒன்றையேனும் நான் கண்டதில்லை. குன்றும் குழியுமாகிய பின்னரே வீதி மீண்டும் செய்தியாகிறது. இடைப்பட்ட காலத்தில் அதற்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. அந்த இடைக்காலத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இதற்கு உதாரணமாகக் கீரிமலைக்குச் செல்லும் வீதியைத் தெரிவு செய்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து மாவிட்டபுரத்தை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பினால் கீரிமலை. ஆடி அமாவாசையில் தந்தையை நினைந்து தீர்த்தமாடச் சென்றவர்களுக்கும், நகுலேஸ்வரப் பெருமானைத் தரிசிக்கச் சென்றவர்களுக்கும் இவ்வழியை நான் விவரிக்கத் தேவையில்லை. இந்த வீதியைத் தெரிவு செய்ததற்குக் காரணங்கள் மூன்று. கீரிமலையின் பாறையே வெடிப்புகளின் வரலாற்றைத் தன்னுள் கொண்டது. இப்பகுதி வீதிகள் ஒரு காலத்தில் பெருந்தொழிற்சாலை ஒன்றின் பாரத்தைச் சுமந்தன. பின்னர் நீண்டகாலம் மக்களே இல்லாமற் கிடந்தன. வீதி ஒன்று உடைவதற்குரிய வழிகள் பலவற்றையும் ஒரே இடத்தில் இங்கு காணலாம்.

பாறையின் வெடிப்பு

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறையின் மீது அமைந்தது. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது அக்காலம். ஆழமற்ற கடலின் அடியில் சிப்பிகளும் முருகைக் கற்களும் படிந்து இறுகிய பாறை அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகி, பாறையிலுள்ள மயிரிழை வெடிப்புகளினூடாக இறங்குகிறது. இறங்கும் வழியிற் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வெடிப்பு அகல்கிறது, அகன்ற வெடிப்பினூடாக மேலும் நீர் செல்கிறது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளில் நிலத்தடியிற் குகைகளும் ஓடைகளும் உருவாகின்றன. கடலலை வந்து மோதும் கரையின் அருகிலேயே கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதும், புத்தூர் நிலாவரைக் கிணற்றின் பேராழமும் இந்தச் செயற்பாட்டின் விளைவுகளே. கீரி முகம் கொண்ட நகுல முனிவரும் குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் நீராடி நலம் பெற்றதாகக் கூறும் ஐதீகங்கள் இந்த ஊற்றைச் சூழ்ந்தே எழுந்தன.

வெடிப்பு ஒன்று தோன்றினால் நீர் அதனைத் தேடி வரும்; வந்த நீர் அதனைப் பெரிதாக்கும். பாறையில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் இந்தக் கதை, தார் வீதியில் ஐந்து அல்லது பத்து மழைக்காலங்களுக்குள் நடந்து முடிகிறது. கரைவதும் பெயர்வதும் வேறுவேறு என்றாலும் கதையின் போக்கு ஒன்றே.

கல் வீதியிலிருந்து தார் வீதிக்கு

குடாநாட்டின் பிரதான வீதிகள் ஆங்கிலேயர் ஆட்சியில் உருப்பெற்றவை. 1829 முதல் 1867 வரை வடக்கின் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் ஆக்லண்ட் டைக்கின் நீண்ட நிருவாகக் காலம் இதில் முக்கியமானது. 1848 இல் தேசாதிபதி டொறிங்டனின் ஆட்சியிற் கொண்டுவரப்பட்ட வீதிச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அந்த வரியும் ஒரு காரணம் என்பது குறிப்பிடத்தக்கது. வீதி என்பது அரசு வழங்கும் கொடை என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. மக்களின் உடலுழைப்பாலும் அவர்களிடம் அறவிட்ட பணத்தாலுமே அது தொடக்கத்தில் அமைந்தது.

அக்கால வீதிகள் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் லூடன் மக்கடம் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறையைத் தழுவியவை. சிறு சிறு கற்களாக உடைத்த சல்லியைப் பரப்பி இறுக்குவதும், வீதியின் நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி நீரை இருமருங்கும் வழியவிடுவதும் அம்முறையின் சாரம். வீதியைத் தாங்குவது அடியிலுள்ள மண்ணே. அந்த மண்ணை ஈரமின்றிக் காப்பதே மேலுள்ள கல்லின் வேலை என்று மக்கடம் வலியுறுத்தினார். இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்த உண்மை மாறவில்லை.

மோட்டார் வாகனங்கள் வந்து கல் வீதிகள் புழுதியாகப் பறக்கத் தொடங்கிய பின்னரே தார் வந்தது. நாம் தார் என்று அழைப்பது இன்று நிலக்கரியிலிருந்து கிடைக்கும் தார் அன்று. மசகெண்ணெயைச் சுத்திகரிக்கும்போது எஞ்சும் பிற்றுமன் என்னும் கரும்பசை. மனிதன் இப்பசையை அறிந்தது வீதிக்காக அன்று. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில், 4,000 ஆண்டுகளுக்கும் முன்பே, நீர் கசியாதிருக்க இயற்கைப் பிற்றுமனைப் பூசியிருந்தனர். நீரைத் தடுப்பதே அதன் ஆதித் தொழில்.

வெடிப்பு எவ்வாறு தோன்றுகிறது

வீதி மேலிருந்தே தேய்ந்து உடைகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். பல வேளைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. பாரவூர்தி ஒன்றின் சில்லு கடக்கும்போது தார்ப்படை கண்ணுக்குத் தெரியாத அளவு கீழ்நோக்கி வளைகிறது. பாரமேற்றிய பலகை வளையும்போது அதன் மேற்புறம் நெருக்கப்பட்டு அடிப்புறம் இழுபடுவதை ஒப்ப, தார்ப்படையின் அடிப்புறமும் இழுபடுகிறது. ஒரு முறை இழுபட்டால் ஒன்றும் நேராது. இலட்சக்கணக்கான முறை இழுபடும்போது, கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதைப் போலப் பசை களைத்துவிடுகிறது. கற்களுக்கிடையில் நுண்ணிய பிளவுகள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து, மெல்ல மேல்நோக்கி வளர்கின்றன. அவை மேற்பரப்பை அடையும் நாளிலேயே நம் கண்களுக்கு முதற் கோடு தெரிகிறது. முதலில் சில்லுத் தடத்தில் நீளவாட்டுக் கோடுகள். பின்னர் குறுக்குக் கோடுகள். இறுதியில் முதலையின் தோலை ஒத்த கட்டங்கள். கட்டங்கள் கழன்றால் குழி. தடித்த தார்ப்படைகளில், சில்லின் விளிம்பு அழுத்தத்தால் மேலிருந்து கீழாக இறங்கும் வெடிப்புகளும் உண்டு.

பிளவு ஏன் தானாக வளர்கிறது? இதற்கான விடையை 1921 இல் வெளியான தமது ஆய்வில் ஏ. ஏ. கிறிபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் தந்தார். கண்ணாடியை ஆராய்ந்த அவர், பொருளின் மீதான விசை முழுவதும் பிளவின் நுனியிற் குவிகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு, பிளவு நீளும் போது விடுபடும் ஆற்றலே அதனை மேலும் நீளச் செய்கிறது என்று காட்டினார். துணியைக் கிழிக்க விரும்புபவர் முதலில் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இடுவதன் தத்துவம் இதுதான். 1960 களின் தொடக்கத்தில் போல் பாரிஸ் என்ற அமெரிக்கர், ஒவ்வொரு சுமைக்கும் பிளவு எவ்வளவு வளரும் என்பதைக் கணிக்கும் விதியை வகுத்தார். விமான உலோகங்களுக்காகப் பிறந்த அவ்விதி பின்னர் தார் வீதிகளுக்கும் பயன்படலாயிற்று. அதன் பொருள் எளியது: பிளவு நீள நீள, அது வளரும் வேகமும் கூடுகிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடப்பது, முடிவில் ஒரே மாரியில் வீதியைத் தின்றுவிடுகிறது.

சீமெந்துக் காலம்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. சுற்றுவட்டாரத்திலேயே தோண்டிய சுண்ணாம்புக் கல்லும், மன்னார்ப் பகுதி முருங்கனின் களிமண்ணும் மூலப்பொருட்கள். கல் அகழ்ந்த பள்ளங்களை இன்றும் அப்பகுதியிற் காணலாம். அக்கால வலிகாமம் வடக்கு, தொழிற்சாலைச் சங்கொலியும் சீமெந்துத் தூசும் லொறிகளின் இரைச்சலும் கலந்த ஓர் உலகம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது.

அந்த லொறிகள் வீதிக்குச் செய்தது என்ன? அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 இற்கும் 1960 இற்கும் இடையில் ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. இதற்கென்றே அமைத்த வீதிகளில் இராணுவச் சாரதிகள் லொறிகளை இரண்டாண்டு காலம் இடைவிடாது ஓட்டினர். 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுச் சுமைகள் கடந்தன. அதிலிருந்து கிடைத்த முடிவு உலகெங்கும் வீதிப் பொறியியலின் அடிப்படையாயிற்று: வீதிக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. 10 தொன் அச்சு ஒன்று ஒரே தடவையிற் செய்யும் சேதத்தை, ஒரு தொன் அச்சு செய்வதற்கு 10,000 தடவைகள் கடக்க வேண்டும். ஊரார் துவிச்சக்கரவண்டிகளும் கார்களும் வீதியை உடைப்பதில்லை. சில பாரவூர்திகளே உடைக்கின்றன. அளவுக்கு மேல் ஏற்றிய மணல் டிப்பர்கள் உள்ளூர் ஒழுங்கைகளில் ஓடும் இக்காலத்தில் இந்தக் கணக்கை நாம் மறக்கலாகாது.

ஒரு விடயத்திற் கீரிமலைப் பகுதி கொடுத்துவைத்தது. சுண்ணாம்புப் பாறையின் மீது படிந்த செம்மண் நீரை விரைவில் உள்ளிழுத்து விடும். நனைந்தாலும் உலர்ந்தாலும் பெரிதாக வீங்கவோ சுருங்கவோ மாட்டாது. முருங்கனின் கருங்களியோ மாரியில் வீங்கி, கோடையில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அத்தகைய மண்ணின் மேல் போடும் வீதி, வாகனமே ஓடாவிட்டாலும் ஓரத்தில் நீளவாட்டில் வெடிக்கும். சீமெந்தாகிக் கட்டடங்களைத் தாங்கிய அதே களிமண், தன் சொந்த இடத்தில் வீதியைத் தாங்க மறுப்பது இயற்கையின் வேடிக்கை.

மக்களற்ற வீதி

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். தொழிற்சாலை நின்றது. புகையிரதமும் நின்றது, தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. எஞ்சிய குடாநாட்டிலும் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் சீமெந்தும் கிடையாமற் போயின. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களையும் துவிச்சக்கரவண்டிகளையும் தவிர வீதிகளில் வேறெதுவும் அரிதாயிற்று.

பாரம் இல்லையென்றால் வெடிப்பும் இல்லை என்று எவரும் எண்ணக்கூடும். இராணுவ வாகனங்கள் ஓடிய வீதிகளை விட்டுவிடுவோம். ஆளரவமற்றுக் கிடந்த வீதிகளும் ஒழுங்கைகளும் வெடித்தன. வெய்யிலில் 60 பாகை வெப்பநிலையைத் தாண்டும் தார்ப்பரப்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல ஒட்சியேற்றம் அடைகிறது. நெகிழ்ச்சி தரும் எண்ணெய்ப் பகுதி குறைந்து, பசை இறுகி நொறுங்கும் தன்மையை அடைகிறது. பகல் வெப்பத்தில் விரிந்து இரவில் சுருங்கும்போது, நெகிழ முடியாத அப்பரப்பு பெருங்கட்டங்களாகப் பிளக்கிறது. இதிற் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அளவான வாகனப் போக்குவரத்து தார்ப்படையைப் பிசைந்து இறுக்குகிறது. வெப்பமான வேளையில் நுண்ணிய பிளவுகள் அந்த அழுத்தத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே இவ்வகைக் கட்ட வெடிப்புகள் வாகனம் செறிந்த வீதிகளிலும் பார்க்க, வாகனம் செல்லாத பரப்புகளிலேயே அதிகம் காணப்படுவதாகப் பொறியியலாளர் கூறுகின்றனர்.

பிளவில் புழுதி படியும்; புழுதியில் விதை விழும். எருக்கலையும் நாயுருவியும் முளைக்கும். ஆலும் அரசும் வேரோடும். ஒரு மண்வெட்டியும் ஒரு வாளித் தாரும் கொண்டு ஒரு மனிதன் வந்திருந்தால் தடுத்திருக்கக் கூடிய அழிவு அது. வர எவரும் இல்லை. அதிக பாவனையால் உடைந்த வீதிகளை உலகெங்கும் காணலாம். மக்கள் இல்லாமையால் உடைந்த வீதிகளைக் காண்பதற்கு எங்கள் ஊர்களுக்கு வரவேண்டும்.

2009 இற்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. கீரிமலைக்கு அடியார்கள் மீண்டும் வந்தனர். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் வசாவிளானுக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட வீதி, 35 ஆண்டுகளின் பின் மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும், அவற்றுக்குச் செல்லும் வீதிகளும் உள்ளன.

புதிய காப்பெற், பழைய வெடிப்பு

போருக்குப் பின் வடக்கெங்கும் காப்பெற் வீதிகள் வந்தன. அவை வந்தது நன்மையே. நோயாளியையும் மாணவரையும் அவை காக்கின்றன. ஆனால் பழைய வெடிப்பின் மேல் புதிய படையை விரித்தால் வெடிப்பு மறையுமே தவிர மாறாது. கீழே இரு துண்டுகளாக அசையும் பழைய படை, அதற்கு நேர் மேலேயுள்ள புதிய படையையும் அதே கோட்டில் இழுக்கும். பொறியியலாளர் இதனைத் தெறிப்பு வெடிப்பு என்பர். ஓர் அங்குலம் மேலேற ஓராண்டு என்று அவர்களிடையே ஒரு கைக்கணக்கும் உண்டு. இரண்டு அங்குலக் காப்பெற்றின் கீழ் மறைத்த வெடிப்பு, அடுத்த தேர்தலுக்கு முன்னரே வெளிவந்து விடலாம். பழைய படையைச் சீர்செய்த பின்னரே புதியதைப் போட வேண்டும் என்பது இதனாலேயே.

குடாநாட்டிற்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. முன்னர் எங்கள் ஒழுங்கைகளின் இருமருங்கும் பனையோலை வேலியும் கிடுகு வேலியும் கிளுவையும் இருந்தன. மாரி வெள்ளம் வேலியின் அடியால் வளவுகளுக்குள் இறங்கி, நிலத்தடிக்குப் போய்க் கிணறுகளை நிறைத்தது. இன்று வேலி நின்ற இடத்தில் சீமெந்து மதில்கள் எழுந்துள்ளன. வடிகால் இல்லாத ஒழுங்கையில் வெள்ளம் போக இடமின்றி வீதியிலேயே தேங்குகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை தேங்கும் அந்நீர் வெடிப்பினூடாக இறங்கி அடிமண்ணை இளக்குகிறது. மேலே சில்லு அழுத்தும்போது நீர் சேற்றோடு வெளியே பீறிடுகிறது. அடியில் வெற்றிடம் உண்டாகிறது. கல்லிலிருந்து தார் உரிந்து பிரிகிறது. குழாய் பதிப்பதற்காக வெட்டி மூடிய இடங்களில் வெட்டின் விளிம்பே ஆயத்தமான வெடிப்பாகும். அது தார் கொண்டு அடைக்கப்படாவிட்டால் மழைநீருக்கு வேறு வாசல் தேவையில்லை.

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் வாசகர்கள், பனி உருகும் மாதங்களில் வீதிகள் குழிவிழுவதைக் கண்டிருப்பர். வெடிப்பினுள் இறங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து வீதியைப் பிளக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனி இல்லை, பருவமழை உண்டு. ஆயுதம் வேறு, எதிரி ஒன்றே. அந்நாடுகளில் கோடைதோறும் வெடிப்புகளிற் சூடான தார் ஊற்றி அடைக்கும் தொழிலாளரையும் அவ்வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். வீதி ஓரத்தில் நடக்கும் அச்சிறு வேலையே பெருஞ்செலவைத் தடுக்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. 85 வளர்முக நாடுகளை ஆராய்ந்து உலக வங்கி 1988 இல் வெளியிட்ட அறிக்கை, முன்னைய இரு தசாப்தங்களில் 45 பில்லியன் டொலர் பெறுமதியான வீதிகள் பராமரிப்பின்றி அழிந்தன என்றும், 12 பில்லியனுக்கும் குறைந்த செலவில் அவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் கூறியது. மூன்றாண்டுகள் கவனியாது விட்டால் செலவு ஆறு மடங்காகும், ஐந்தாண்டுகள் விட்டால் 18 மடங்காகும் என்பது தென்னாபிரிக்காவின் வீதி நிறுவனத்தின் மதிப்பீடு. புதிய வீதி போடக் கடன் கிடைக்கிறது. போட்ட வீதியைப் பராமரிக்கக் கடன் தருவோர் குறைவு. பராமரிப்புக்கு நாடா வெட்டும் விழாவும் இல்லை. ஆகவே அரசியல்வாதிக்கு அதில் நாட்டமில்லை, பத்திரிகைக்கும் இல்லை.

இளம் பத்திரிகையாளர்களிடம் ஒன்று கேட்பேன். அடுத்த முறை வீதித் திறப்பு விழாவுக்குச் செல்லும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். பழைய படைக்கு என்ன செய்தீர்கள்? மழைநீர் எங்கே போகும்? பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? இவற்றுக்கு விடை இல்லையெனில் அதனையே செய்தியாக்குங்கள். ஊரவர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் தம் கிராமத்து ஒழுங்கையைப் புரட்டாதி முடியுமுன் ஒருமுறை நடந்து பார்த்து, கோடுகள் விழுந்த இடங்களைப் பிரதேச சபைக்கு எழுத்தில் அறிவிப்பது பெரிய காரியமன்று. குழி விழுந்த பின் எழுதும் மனுவிலும் பார்க்க, கோடு விழுந்தபோது எழுதும் மனுவுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து தம் மண்ணுக்குத் திரும்பியவர்கள் நடக்கும் வீதி அது. இம்முறை அதனைப் பார்க்க மனிதர் இருக்கின்றனர். பார்ப்பவர் பேசவும் வேண்டும்.